கிடப்பில் கிடந்த பூங்கா: குன்னூரில் போட்ட ஒரு கணக்கு

2025 டிசம்பர் 2-ஆம் தேதி, சென்னையை ஒட்டித் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா பூங்கா திறந்தது. 64 ஏக்கர் சொச்சம் இடம், 43 ரைடுகள், 611 கோடி ரூபாய் முதலீடு. சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மபிலார்ட் கம்பெனி செய்த ரோலர் கோஸ்டர் ஒன்றும் உண்டு. தண்டவாளம் தலைக்கு மேலே போகும், உட்கார்ந்தவர் கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கும். திறப்புவிழாச் செய்திகளில் இதெல்லாம் விலாவாரியாக வந்தது. இதே பூங்கா எத்தனை வருஷம் வெறும் நிலமாகக் கிடந்தது, ஏன் கிடந்தது என்பது ஓரமாகத்தான் வந்தது. இந்த ஆய்வு அந்த ஓரத்தைப் பற்றியது.

செய்தவர்கள் நிபுணர்கள் இல்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பேக்கரியில் ஞாயிறு சாயங்காலம் கூடுகிற நாலு பேர். சுற்றுலா வேன் ஓட்டும் அண்ணன், ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் தம்பி, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், அப்புறம் நான். நாலு பேருக்கும் ரைடு பைத்தியம். டீச்சர் மட்டும் எதிலும் ஏற மாட்டார். கீழே நின்று எல்லோருடைய பையையும் செருப்பையும் பார்த்துக்கொள்வார். ஆனால் 2014-ல் வொண்டர்லா பங்குச் சந்தைக்கு வந்தபோது 125 ரூபாய் வீதம் கொஞ்சம் பங்கு வாங்கிப் போட்டவரும் அவர்தான். ஆண்டறிக்கை வந்தால் விடைத்தாள் கட்டு வந்த மாதிரி சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவார்.

மலைமேல் இருப்பவர்களுக்கு இதில் என்ன அக்கறை

பர்லியார் இறக்கத்தைவிடப் பெரிய ரோலர் கோஸ்டர் வேண்டுமா என்று வேன் அண்ணனே கிண்டல் செய்வார். ஆனால் அவர் பிழைப்பில் பாதி பள்ளிக்கூட டூர். நீலகிரிப் பள்ளிகளுக்குப் பக்கத்தில் இருப்பது மலையடிவாரத்தில் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர். போய் நனைந்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். அதைத் தாண்டி ஆசைப்பட்டால் கொச்சி அல்லது பெங்களூர்.

பெங்களூரில்தான் சிக்கல். பூங்கா இருப்பது மைசூர் சாலையில் பிடதியில். பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணி முதல் காலை 6 வரை மூடிவிடுவார்கள். தண்ணீர் விளையாட்டு முடிந்து, பிள்ளைகள் துணி மாற்றி, தலை எண்ணி வண்டியில் ஏற்றும்போது மணி ஆறாகிவிடும். குண்டல்பேட்டை வருவதற்குள் கேட் விழுந்துவிடும். திம்பம் வழியாகச் சுற்றலாம் என்றால் அங்கேயும் இரவுத் தடை. ஆகவே பிடதி என்றால் ஒரு ராத்திரி தங்கல், கூடுதல் செலவு, பெற்றோரிடம் கூடுதல் விளக்கம். சென்னையில் ஒரு பூங்கா வந்தால் மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் சென்ட்ரலில் இறங்கி, விளையாடிவிட்டு அன்றிரவே திரும்பிவிடலாம். தங்கல் கிடையாது. அதனால்தான் 'சென்னை வொண்டர்லா எப்போ வரும்' என்ற கேள்வி எங்கள் மேஜையில் ஓயாமல் உருண்டது.

நின்றது எதனால்

கம்பெனியின் வேகம் தெரியாததல்ல. வி-கார்டு நிறுவனர் கொச்சௌசப் சிட்டிலப்பிள்ளி 2000-ல் கொச்சியில் வீகாலேண்ட் என்ற பெயரில் முதல் பூங்காவைத் திறந்தார். 2005-ல் பெங்களூர். 2014-ல் பங்கு வெளியீட்டில் சுமார் 181 கோடி திரட்டி, 2016 ஏப்ரலில் ஹைதராபாத். பணம் கைக்கு வந்து இரண்டே வருஷத்தில் பூங்காவைத் திறந்து காட்டியவர்கள். அதே கம்பெனி சென்னைக்கு நிலம் வாங்கியது, 350 கோடி ரூபாய்த் திட்டம் என்றது, அப்புறம் அசையவே இல்லை.

காரணம் வரி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பொழுதுபோக்குப் பூங்கா டிக்கெட்டுக்கு 28 சதவீதம் போட்டார்கள். 2018 ஜனவரி கடைசியில் அது 18 ஆகக் குறைந்தது. ஆனால் தமிழ்நாட்டில் அதற்கு மேல் உள்ளாட்சி கேளிக்கை வரி ஒன்று 10 சதவீதம் இருந்தது. கேளிக்கை வரியை ஜிஎஸ்டி விழுங்கிவிட்டது என்று நாடே நினைத்துக்கொண்டிருந்தபோது, உள்ளாட்சிகள் தாமாக விதிக்கும் கேளிக்கை வரிக்கு மட்டும் அரசியல் சட்டத் திருத்தம் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. தமிழ்நாடு 2017-லேயே தனிச் சட்டம் போட்டு அந்தக் கதவைப் பயன்படுத்திக்கொண்டது. சினிமாக்காரர்கள் தியேட்டரை மூடிப் போராடியது இந்த வரிக்காகத்தான்; அது எல்லோருக்கும் நினைவிருக்கும். பூங்காக்காரர்கள் போராடவில்லை. பூங்காவைக் கட்டாமல் உட்கார்ந்துவிட்டார்கள்.

விலக்கு கிடைத்தால்தான் கட்டுவோம் என்று கம்பெனி வெளிப்படையாகவே சொல்லிவந்தது. 2022-ல் அரசு விலக்குக் கொடுத்தது. வேலை தொடங்கியது. 2024 டிசம்பரில் பெரிய முதலீட்டாளர்களுக்குப் புதிய பங்குகளை விற்று 540 கோடி திரட்டினார்கள். அதற்கு அடுத்த டிசம்பரில் பூங்கா திறந்தது.

டிரிப் ஷீட்டின் பின்பக்கம்

இந்தக் காலவரிசையை வைத்து எங்கள் மேஜையில் நடந்த சண்டைதான் இந்த ஆய்வின் மையம். வேன் அண்ணன் கட்சி எளிமையானது: "பத்து பர்சென்ட் வரிக்குப் பயந்து 350 கோடியில் முடிய வேண்டியதை 611 கோடிக்கு இழுத்துட்டாங்க. இதுக்கு வரியையே கட்டியிருக்கலாம்."

ஆடிட்டர் ஆபீஸ் தம்பி அண்ணனுடைய டிரிப் ஷீட் ஒன்றைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். முன்பக்கத்தில் ஊட்டி, பைக்காரா, கிலோமீட்டர் ரீடிங், பின்பக்கத்தில் கோடிகள். வருஷத்துக்கு 10 லட்சம் பேர், தலைக்கு 1,000 ரூபாய் டிக்கெட் என்று வைத்துக்கொண்டார். எல்லாம் கைக்கணக்கு, ஒரு அளவு புரிவதற்காக. டிக்கெட் வசூல் 100 கோடி. உள்ளாட்சி வரி 10 கோடி. அந்த 10 கோடி லாபத்திலிருந்து போவதில்லை, வசூலிலிருந்தே போகிறது. மழை பெய்து கூட்டம் குறைந்த வருஷமும் போகும். பத்து வருஷத்தில் 100 கோடி. செலவு கூடியதோ 261 கோடி. "பாருங்க தம்பி, நான் சொன்னதுதான் சரி" என்றார் அண்ணன்.

இங்கேதான் டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார். 350 கோடியைச் செலவழிக்காமல் வைத்திருந்தால் அது சும்மாவா இருக்கும்? வருஷத்துக்கு 7 சதவீதம் என்று போடுங்கள். ஏழு வருஷத்தில் 562 கோடி. எட்டு வருஷத்தில் 601 கோடி. தம்பி போனில் தட்டிப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது.

611-க்கு ஒட்டி வந்து நின்ற அந்த எண்ணைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அண்ணன் பெரிய நஷ்டம் என்று காட்டிய 261 கோடி, முக்கால்வாசிக்கு மேல் காலத்தின் வட்டியாகவே கரைந்துவிட்டது. அதற்கு மேல், 2025-ல் கட்டிய பூங்கா 2018-ல் யோசித்த பூங்காவே இல்லை. அந்த சுவிஸ் கோஸ்டர் பழைய திட்டத்தின் விலைக்குள் அடங்கியிருக்காது என்பது என் அபிப்பிராயம். டிக்கெட் விலையும் இடைப்பட்ட காலத்தில் நன்றாக ஏறிவிட்டது.

கம்பெனி 350 கோடியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் கடன் வாங்கி மாட்டிக்கொள்ளவும் இல்லை. நிலத்துக்குக் கொடுத்த பணம் முடங்கியது; அதற்கு ஈடாகச் சென்னைப் புறநகர் நிலத்தின் மதிப்பு ஏறியது. அதாவது, காத்திருப்பதற்கான வாடகை மிகக் குறைவு. பேரம் பேசும்போது எதிராளியைவிடப் பொறுமையாக இருக்க முடிந்தவன் ஜெயிப்பான். அரசுக்குத்தான் அவசரம் இருந்திருக்க வேண்டும்: நிற்கிற பூங்காவிலிருந்து இள்ளலூர் ஊராட்சிக்கு வந்த கேளிக்கை வரி அத்தனை வருஷமும் பூஜ்யம். பத்து சதவீதம் கேட்டு ஒன்றுமில்லாமல் போனது அந்த ஊருக்கு. அண்ணன் கோபம் கம்பெனிமேல். என் கோபம் இந்தப் பூஜ்யத்தின்மேல்.

2020-ஐயும் இதில் சேர்க்க வேண்டும். 2018-ல் கடப்பாரை போட்டிருந்தால் கதவு திறக்கும் நேரத்தில் ஊரடங்கு வந்திருக்கும். கொரோனாவுக்கு முந்தைய வருஷம் சுமார் 271 கோடி வருமானம் பார்த்த கம்பெனி, 2020-21-ல் 38 கோடிதான் பார்த்தது. நஷ்டம் சுமார் 50 கோடி. அதன்மேல் ஒரு புதுப் பூங்காவின் செலவும் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதைக் கம்பெனி முன்கூட்டிக் கண்டதாகச் சொன்னால் சிரிப்பார்கள். அதிர்ஷ்டம்தான். ஆனால் கடனில்லாமல் உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் பயன்படும். 2022-23-ல் வருமானம் 429 கோடி, லாபம் 149 கோடி என்று எகிறியபோது சென்னைக்குத் தெம்பு தானாக வந்தது.

ஒடிசாவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அங்கே அரசு 50 ஏக்கரை 90 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. சுமார் 190 கோடியில் வொண்டர்லாவின் புவனேசுவரம் பூங்கா 2024 மே மாதம் திறந்தது. பிறகு வந்த திட்டம் முன்னால் போய்விட்டது. ரசிகர்கள் இதைத் துரோகம் என்றார்கள். டீச்சர் பங்குக்காரராகச் சந்தோஷப்பட்டார், தமிழ்நாட்டுக்காரராக வருத்தப்பட்டார். இரண்டையும் ஒரே டீயில் செய்தார்.

ஆர்லாண்டோவில் அதே கேள்வி

இந்தச் சண்டையில் எங்களுக்குக் கிடைத்த உபயோகமான விஷயம் டீச்சர் கேட்ட கேள்வி: "நிக்கிறதால வருஷத்துக்கு யாருக்கு என்ன போகுது?" இதை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் ஆர்லாண்டோவுக்குப் போனால் அங்கே குழம்பிக் கிடக்கிற பல கதைகள் நேராகின்றன.

யூனிவர்சல் 2019 ஆகஸ்டில் எபிக் யூனிவர்ஸ் என்ற புதுப் பூங்காவை அறிவித்தது. 2020-ல் கொரோனாவால் வேலையை நிறுத்தியது. 2021 மார்ச்சில் மறுபடி தொடங்கி 2025 மே 22-ல் திறந்தது. அதே 2019 ஆகஸ்டில் டிஸ்னி, எப்காட் பூங்காவில் மேரி பாப்பின்ஸ் ரைடு ஒன்றையும், ஸ்பேஸ்ஷிப் எர்த் என்ற பழைய ரைடைப் பெரிய அளவில் புதுப்பிப்பதையும் அறிவித்தது. அதே கொரோனா. மேரி பாப்பின்ஸ் வரவே இல்லை. ஸ்பேஸ்ஷிப் எர்த் திட்டமும் அடங்கிப்போனது.

டிஸ்னிக்குக் கற்பனை வற்றிவிட்டது, யூனிவர்சலுக்குத்தான் துணிச்சல் என்று ரசிகர்கள் எழுதித் தள்ளினார்கள். ஆனால் டிஸ்னியின் வேறு இரண்டு ரைடுகளைப் பாருங்கள். 2017-ல் அறிவித்த டிரான் கோஸ்டர், இரும்பெல்லாம் ஏறி நின்ற நிலையில் கொரோனாவில் மாட்டியது. மெதுவாக, மிக மெதுவாக, 2023 ஏப்ரலில் திறந்தார்கள். கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி கோஸ்டருக்குப் பிரம்மாண்டமான கட்டடம் எழும்பியிருந்தது. 2022 மே மாதம் திறந்தது. ஒரே கம்பெனி, ஒரே கஷ்டகாலம். இரும்பும் கான்கிரீட்டும் இறங்கியது பிழைத்தது, படமாக மட்டும் இருந்தது போனது. பாதி கட்டிய கோஸ்டர் நின்றால் போட்ட பணம் தினமும் கண்முன் துருப்பிடிக்கும். ஓவியத்தை உள்ளே எடுத்து வைக்க ஒரு பீரோ போதும். யூனிவர்சலுக்கோ நிலம் வாங்கி மண் வேலை நடந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே போட்டிக்காரன் தடுமாறிக்கொண்டும் இருந்தான். அவர்களுக்குக் காத்திருப்பின் விலை அதிகம்.

எங்களில் தம்பிக்கு ரொம்பப் பிடித்த கேஸ் 'எட்டி', அதாவது இமயமலைக் கதைகளில் வரும் பனிமனிதன். டிஸ்னியின் அனிமல் கிங்டமில் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் என்ற கோஸ்டர் 2006 ஏப்ரலில் திறந்தது. மலைக்குள் கடைசியில் ராட்சத எட்டி பொம்மை ஒன்று ரயிலை நோக்கிக் கையை வீசிப் பாயும். சில மாதங்களில் அதன் பொருத்துதலில் கோளாறு. அன்றிலிருந்து எட்டி அசைவதில்லை. விளக்கை விட்டு விட்டு மின்ன வைத்து அது அசைகிற மாதிரி காட்டுகிறார்கள். ரசிகர்கள் அதற்கு டிஸ்கோ எட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த ரைடை வடிவமைத்த ஜோ ரோடி, ஒருநாள் சரிசெய்வேன் என்று 2013-ல் ரசிகர்கள் முன்னால் வாக்குக் கொடுத்தார். அவர் வேலையிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டார்.

டீச்சரின் கேள்வியைப் போட்டால் ஒரு நிமிஷத்தில் விடை. எட்டி அசையாததால் வரிசையில் ஒரு ஆள் குறைந்தாரா? இல்லை. மலையைப் பிரித்துச் சரிசெய்தால் பல மாதம் ரைடு மூடவேண்டும். அப்போது நிச்சயம் ஆள் குறைவார்கள். ரசிகனுக்கு அது அவமானச் சின்னம், கணக்குப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. தம்பிக்கு இது புரிகிறது. ஆனாலும் எட்டிக்காக வாதாடுவதை நிறுத்த மாட்டார். "பொம்மை வேலை செய்யலன்னா டிக்கெட்ல பத்து ரூபாய் குறைக்கணும் டீச்சர்" என்பார். நியாயம்தானே!

ஊட்டிக்கு வராத பூங்கா

கடைசியில் பேச்சு ஊருக்கு வந்தே தீரும். 2024-ல் ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்தை, 822 கோடி குத்தகைப் பாக்கி என்று சொல்லி, அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. ஊர் நடுவில் 52 ஏக்கர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம், ரயில் நிலையத்துக்குப் பக்கம். சென்னைப் பூங்காவின் அளவுக்குப் பெரிதாகக் குறைவில்லை. எங்கள் மேஜையில் கொஞ்ச நாள் வரைபடமே போட்டார்கள்: நுழைவு இங்கே, கோஸ்டர் அங்கே, மழைக்காலத்துக்கு மூடிய ரைடு அந்தப் பக்கம். அரசு தோட்டக்கலைத் துறை மூலம் சூழல் பூங்கா என்றது. அண்ணனுக்கு ஏமாற்றம். எனக்கு நிம்மதி என்றுதான் சொல்வேன்.

உணர்ச்சியை ஒதுக்கிவைத்துக் கம்பெனியாக யோசித்தாலும் ஊட்டி தேறாது. நீலகிரியில் பொக்லைன் ஓட்டவே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கட்டட உயரத்துக்கும் சரிவை வெட்டுவதற்கும் கட்டுப்பாடுகள். உயரமான கோஸ்டர் ஒன்றின் தூண்களுக்கு எவ்வளவு ஆழம் தோண்டி எவ்வளவு கான்கிரீட் கொட்டுவார்கள் என்று பார்த்தவர்கள் இந்த மண்ணில் அதைக் கேட்கவே மாட்டார்கள். ஒவ்வொரு மழைக்கும் மலைரயில் பாதையில் சரிந்து விழுகிற மண் இது. அப்புறம் கூட்டம். 2025 கோடையில் சென்னை உயர் நீதிமன்றம் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தது. இ-பாஸ் அதற்கு முந்தின வருஷம் மே மாதமே வந்துவிட்டது. பூங்கா பிழைப்பதே சீசனில் கூட்டம் குவிவதில். இங்கே குவிகிற நாளில்தான் வாசலை இறுக்குகிறார்கள். அந்த வரம்பு தேவையில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. மே மாதம் காட்டேரியிலிருந்து குன்னூர் வர ஆகிற நேரத்தில் மேட்டுப்பாளையம் போய்விடலாம்.

"அப்போ யாருக்காவது இது நிக்கிறதால நஷ்டம் உண்டா?" என்று டீச்சர் கேட்டார். யாருக்கும் இல்லை. நிலம் வாங்கினவர் இல்லை, இரும்பு இறக்கினவர் இல்லை. ஆகவே ஊட்டியில் பெரிய தீம் பார்க் வரப்போகிறது என்று இனி யார் படம் போட்டுக் காட்டினாலும், எவ்வளவு முதலீடு என்று கேட்காமல், எவ்வளவு இறங்கியாகிவிட்டது என்று கேட்பதாக எங்களுக்குள் பேச்சு. அண்ணன் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை.

அவர் கவலை வேறு. சென்னைப் பூங்கா திறந்ததும் பள்ளிகள் நீலகிரி எக்ஸ்பிரஸில் கிளம்பினால் வேனுக்கு என்ன வேலை? குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் வரை ஒரு டிரிப், திரும்பி ஒரு டிரிப், அவ்வளவுதான். இத்தனை வருஷம் 'எப்போ திறக்கும்' என்று மேஜையைத் தட்டியவர், இப்போது பெற்றோர்களிடம் கொச்சியின் பெருமையைப் பேசிக்கொண்டிருக்கிறார்.